எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க

உக்காருங்கம்மா. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அவுக உள்ள படுத்திருக்காக. மத்தியான மாத்திரை போட்டாக் கண்ணசந்துருவாக, தானா எந்திரிச்சு வரட்டும். சேலத்துல இருந்தா வாரீங்க? அம்புட்டுத் தூரம் பஸ்ஸுலயா? காலேஜுல பாடம் எடுக்கீங்களா, நல்லது. ரேடியோவும் உண்டுங்கீங்க. பொம்பளைங்களும் இந்தக் கிறுக்குல இருக்காகன்னு இப்பத்தான் தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க, கிறுக்குன்னு சொல்லிச் சொல்லியே பழகிப்போச்சு.

வாரவுக எல்லாரும் அவுகளைப் பாக்கத்தான் வாராக. கால் எப்படி இருக்கு சார், எப்படி மாட்டுனீங்க சார்னு கேக்காக. அவுக என்ன சொல்லுவாகன்னா, "மழை பெஞ்சுது, மண்ணு சரிஞ்சுது, நான் விழுந்துட்டேன்." அம்புட்டுத்தான். ஒரு டூர் போன கதை அதோட முடிஞ்சுபோச்சு. கூட ஒருத்தி போனாளே, அவ என்ன பாடுபட்டான்னு ஒருத்தர் வாய்விட்டுக் கேக்கணுமே. நீங்க கேட்டுட்டீங்க. அதனால முதல்ல இருந்து சொல்லுதேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி வந்தப்பவே அந்தப் பெட்டி இந்த வீட்டுல இருந்துச்சு. நான் அதுக்குப் பிறகு வந்தவ. மாப்பிள்ளை மில்லுல எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர், குடிக்க மாட்டாரு, சீட்டாட மாட்டாரு, ரேடியோ மட்டும் உண்டுன்னு சொல்லித்தான் குடுத்தாக. எங்கப்பா, ரேடியோன்னாப் பாட்டு கேக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். வந்து பாத்தா அது பாடுற ரேடியோ இல்ல, இவுக பேசுற ரேடியோ, ஹாம் ரேடியோவாம். மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம், வந்ததுக்கு அப்புறம் படுக்கிற வரைக்கும். மொட்டைமாடியில கம்பி, கம்பியில இருந்து ஒயரு, ஒயருக்குக் கீழ நான் துணி காயப்போடக் கூடாது. "சீக்யூ, சீக்யூ"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களான்னு அர்த்தமாம். உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. அடுப்படியில நிக்கிற எனக்கு, 'நான் இருக்கேன்'னு சொல்லலாம்போல வரும். சொன்னதில்ல.

திட்டுவாகளா, கை நீட்டுவாகளா, ஒண்ணும் கிடையாது. அதுதான் கஷ்டம். திட்டினா அம்மா வீட்டுல போய்ச் சொல்லலாம். எம் புருசன் பல்கேரியாக்காரன்கிட்டப் பேசுதாக, என்கிட்டப் பேச மாட்டேங்காகன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? சிரிப்பாக. ரிட்டயர் ஆனாச் சரியாயிரும்னு இருந்தேன். ரிட்டயர் ஆனதும் மில்லு நேரமும் சேந்து ரேடியோவுக்குப் போச்சு.

டூர் யோசனை எங்க மகளோடது. மஸ்கட்டுல இருக்கா. "அப்பா, அம்மாவ ஒரு தடவையாவது எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு போன்ல சத்தம் போட்டா. அவுக உடனே சரின்னுட்டாக. எனக்கே ஆச்சரியம். மங்களூர் தாண்டி, கோவா தாண்டி, ரத்னகிரி வரைக்கும் நம்ம கார்லயே போவோம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், மழை முடியிற நேரம் பச்சைப்பசேல்னு இருக்கும்னு படமெல்லாம் எடுத்துக் காட்டுனாக. நான் கடலப் பாத்தது திருச்செந்தூர்ல. அதுவும் கூட்டத்துல, ஆள் தலைக்கு நடுவுல. புதுசா ஒரு செருப்பு வாங்குனேன், மணல்ல நடக்கிறதுக்குன்னு. நம்பிக்கையப் பாருங்க.

கிளம்புற அன்னைக்கு டிக்கியத் திறந்து பாக்கேன், துணிப்பை வைக்க இடம் இல்ல. ரேடியோப் பெட்டி, ஒயர்ச் சுருளு, நைலான் கயிறு, தூண்டில் கம்பு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற நீளக் கம்பு. பின்சீட்டுலயும் அதே மாதிரிச் சாமான்தான். மலை மேல கடலப் பாத்து நின்னு பேசுனா எங்க எங்கயோ கேக்குமாம். அதுக்குத்தான் அந்த ரோடு. எனக்காக இல்ல. என் பை என் மடியில. நான் கால் வைக்கிற இடத்துல ஒரு பேட்டரி. "கொஞ்ச தூரந்தான, சமாளிச்சுக்க வடிவு"ன்னாக. தென்காசியில இருந்து ரத்னகிரி கொஞ்ச தூரமாம்.

கடல் இடது பக்கம்தான் வந்துச்சு. என் பக்கம். ஆனா ஒயரும் என் பக்கத்து ஜன்னல் வழியாத்தான் போகும். கண்ணாடிய ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது. சாரல் உள்ள வரக்கூடாதுன்னு சந்துல ஒரு துணிய அடைச்சு வச்சிருந்தாக. கேரளாவுக்கு அங்கிட்டு நான் பாத்தது அந்தத் துணியத்தான். என்னோட பழைய உள்பாவாடை.

ஒவ்வொரு மேட்டுலயும் வண்டி நிக்கும். அவுக கம்ப நட்டு, ஒயரக் கட்டி, டிரைவர் சீட்டுல வந்து உக்காந்து பேச ஆரம்பிப்பாக. மைக்கு ஒயரு என் மடிக்குக் குறுக்க. நான் அசைஞ்சா பிளக்கு கழண்டுரும். ஒரு இடம், பேரு வாயில நுழையல. மேல ரோடு, கீழ வளைவா ஒரு சின்னக் கடற்கரை. படகு ரெண்டு மூணு இழுத்துப் போட்டிருக்கு, ஒரு ஆளு இல்ல. தண்ணி வந்து வந்து போகுது. "இறங்கிக் கால் நனைச்சுட்டு வருவமா"ன்னு கேட்டேன். "இந்தா, இவர முடிச்சிட்டு வாரேன்"னாக. ஜப்பான்காரரு. அவரு முடிஞ்சதும் இன்னொருத்தரு. வெயில் போயி, மேகம் கூடி, தூத்தல் விழுந்ததும், "இனி இறங்க வேண்டாம், வழுக்கும்"னாக. செருப்பு பையிலயே இருந்துச்சு.

அந்தத் தூத்தல்தான் மழையாப் பிடிச்சது. மறுநாள் விடிஞ்சும் விடல. தங்குன வீட்டுக்கார அம்மா, ரோஸ் கலர்ல மோர் மாதிரி ஒண்ணு குடுத்துட்டு, கையக் கையக் காட்டி என்னமோ சொன்னா. போகாதீங்கன்னு சொல்லுதான்னு எனக்கே புரிஞ்சுது. இவுகளுக்குப் புரியல. அடுத்த மலையில நிக்கணும்னு அவசரம்.

மலைய வெட்டிப் போட்ட ரோடு அது. ஒரு பக்கம் செம்மண் சுவரு, தண்ணி ஒழுகிக்கிட்டே இருக்கு. இன்னொரு பக்கம் பள்ளம், கீழ கடல். ஒரு வளைவு திரும்புனதும் ரோட்டக் காணும். மண்ணும் பாறையும் மரமும் சேந்து குறுக்க கிடக்கு, வீடு உயரத்துக்கு. அவுக பதறாம வண்டியத் திருப்புனாக. வந்த வழியே கொஞ்சம் போனோம். அதுக்குள்ள அங்கயும் சரிஞ்சு கிடக்கு. நாங்க தாண்டி வந்தப்ப இல்லம்மா அது! எங்களுக்குப் பின்னால இறங்கியிருக்கு. நடுவுல நாங்க மட்டும். வேற வண்டி இல்ல, வீடு இல்ல, ஒரு கடை இல்ல. போன எடுத்துப் பாத்தா ரெண்டு பேர் போன்லயும் ஒரு கோடு கிடையாது.

அவுக மொகத்தப் பாக்கேன், சிரிப்பு! "இந்த மாதிரி நேரத்துக்குத்தான் வடிவு இது இருக்கு"ன்னு சொல்லிட்டு, ஒயரத் தூக்கிக்கிட்டு மேல ஏறுனாக, ஒரு மரத்துல கட்டுறதுக்கு. "வேண்டாங்க, மண்ணு ஊறிக் கிடக்கு"ன்னேன். கேக்கணுமே. ஏறுனாக, காலு வழுக்கிச்சு, அப்படியே ரோட்டோரச் சாக்கடையில வந்து விழுந்தாக. மரக்கொம்ப முறிச்ச மாதிரி ஒரு சத்தம். வலது கால் முட்டிக்குக் கீழ வேற பக்கமாத் திரும்பிக் கிடந்துச்சு.

எப்படித் தூக்குனேன்னு கேக்காதீங்க. தூக்கல, இழுத்தேன். அவுக கக்கத்துல என் முந்தானையப் போட்டு இழுத்தேன். பின்சீட்டுல இருந்த பெட்டி, கம்பு எல்லாத்தையும் ரோட்டுல தூக்கி எறிஞ்சுட்டு அவுகளப் படுக்க வச்சேன். அதெல்லாம் விலை கூடுன சாமானாம். அந்த வலியிலயும், "மெதுவா, மெதுவா"ங்காக. எனக்கு இல்ல, பெட்டிக்கு.

கொஞ்ச நேரத்துல மொகம் வெளுத்து உடம்பு வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுது. பேச்சு குழறுது. கண்ணு செருகுது. பேசுற ரேடியோ முன்னால டேஷ்போர்டுல மாட்டியிருக்கு. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதும்மா, நான் அதத் தொட்டதே இல்ல. ஆனா ஒயரு மேல போனாத்தான் பேசும்னு தெரியும்ல. நைலான் கயித்துல ஒரு கல்லக் கட்டி மரத்துக் கொப்பப் பாத்து எறிஞ்சேன். சின்னதுல புளியங்காய்க்கு எறிஞ்ச கைதான. ஒண்ணு ரெண்டு தவறிப்போச்சு, பிறகு விழுந்துச்சு. கயித்தோட ஒயர மேல இழுத்துக் கட்டிட்டு வந்து பிளக்கச் சொருகுனேன். பெரிய திருகு எந்த இடத்துல நின்னுச்சோ அங்கயே விட்டேன், காலையில அவுக பேசின இடம் அது. சின்னத் திருக மட்டும் இரைச்சல் குறையிற வரைக்கும் திருப்புனேன். அது அவுக தினம் செய்யிறதுதான. வேற ஒண்ணும் தெரியாது.

மைக்க அமுக்கி, அவுக கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டேன். அந்த விக்டர், யூனிஃபார்ம்னு வருமே, அவுக ரேடியோ நம்பரு. எத்தனை வருசமாக் கேக்கேன், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். இரைச்சல். பிறகு ஒரு ஆம்பளக் குரல், இங்கிலீஷ்ல படபடன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. "ஐயா, எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் தெரிஞ்சவுக யாராவது இருக்கீங்களா? எங்க வீட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சுபோச்சு"ன்னேன்.

"அம்மா, நான் தங்கவயல்ல இருந்து எட்வின் பேசறேன். தமிழ்தான். பதறாம சொல்லுங்க, எங்க இருக்கீங்க?"

தங்கவயலு! கர்நாடகாவுல எங்கயோ ஒரு மூலையில உக்காந்துக்கிட்டு, பக்கத்து வீட்டுல இருந்து பேசுற மாதிரி பேசுதாரு. காலையில கிளம்புன ஊரு, தாண்டி வந்த பாலம், எல்லாம் சொன்னேன். "ஐயா பேரு என்னம்மா?"ன்னு கேட்டாரு. நான் முழிச்சேன். இத்தனை வருசத்துல அவுக பேரச் சொன்னது கிடையாது. ரேஷன் கடையிலகூட மகளச் சொல்லச் சொல்லுவேன். "ஆவுடையப்பன்"னேன். சொல்லிட்டுப் பின்னால திரும்பிப் பாத்தேன், என்ன நெனைக்காகளோன்னு. கண்ணத் தொறந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக.

எட்வின் சொன்னாரு, "அம்மா, நான் அங்க கலெக்டர் ஆபீசுக்கும் போலீசுக்கும் போன் பண்றேன். வர நேரமாகும். அதுவரைக்கும் அவரத் தூங்க விடாதீங்க. சூடு ஆறாமப் போத்துங்க. அவருக்குக் கேக்கிற மாதிரி ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. வண்டி எஞ்சினை ஓட விடுங்க, பேட்டரி இறங்காது. பயப்படாதீங்க, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

யாரு யாரோ நம்மள விசாரிக்காக போலன்னு நெனச்சு, "கேக்கிறவுக எல்லார்கிட்டயும் நல்லா இருக்கோம்னு சொல்லிருங்க ஐயா"ன்னேன்.

பேசணுமாம். என்னத்தப் பேச? அவுகளும் நானும் உக்காந்து பேசி எத்தனை காலம். "சாப்பாடு எடுத்து வைக்கட்டா", "கரண்டு பில் கட்டியாச்சா", இதுதான் எங்க பேச்சு. அத எம்புட்டு நேரம் பேசுறது? அவுக கண்ணு வேற மூடி மூடிப் போகுது. மழை கூரையில அடிக்குது. கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு வெளிய ஒண்ணுந் தெரியல. ஒரு டப்பாக்குள்ள போட்டு மூடி வச்ச மாதிரி இருக்கு. எனக்குக் கோவம் வந்துச்சு. கோவம்னா, எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல.

அந்த உள்பாவாடையில இருந்து ஆரம்பிச்சேன். செருப்பச் சொன்னேன். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கூடத்துல உக்காந்திருக்கிறப்ப இவுக மாடியில பேசிக்கிட்டு இருந்ததச் சொன்னேன். எங்கம்மா செத்த சேதி வந்தப்ப, "அஞ்சு நிமிஷம்"னு விரலக் காட்டுனதச் சொன்னேன். மைக்கு என் கையிலயே இருந்துச்சு. அமுக்குனா நம்ம பேச்சு போகும், விட்டா அவுக பேச்சு வரும், அதெல்லாம் தெரியும் எனக்கு. ஆனா குளிருல கை விறைச்சுப்போச்சு, விரல எடுக்க வரல. எடுக்க வரலன்னா வரல. எட்வின் ஒருத்தருக்குக் கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும், நல்ல மனுசன்.

பிறகு அதச் சொன்னேன்.

உங்ககிட்டயும் சொல்லுதேன், நீங்க ஒரு பொம்பள. மகளுக்கு மூணு வயசு இருக்கிறப்ப நான் மறுபடி உண்டாகியிருந்தேன். ஏழாம் மாசம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், இந்தா இந்த அடுப்படியில நிக்கிறப்ப வலி எடுத்துச்சு. வரக்கூடாத வலி, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. படி ஏற முடியல. மாடிப்படிக்குக் கீழ நின்னு, "ஏங்க, ஏங்க"ன்னு கூப்பிட்டேன். மேல அவுக குரல் கேக்குது. யாருகூடயோ சிரிச்சுப் பேசுதாக. நான் கத்துனேம்மா. எதிர்வீட்டுப் பாத்துமுத்து அக்காவுக்குக் கேட்டுச்சு, ரோடு தாண்டி. அவதான் ஓடி வந்து, ரிக்‌ஷா பிடிச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. ஆம்பளப் பிள்ளை. மொகத்தக்கூட ஒழுங்காக் காட்டல எனக்கு.

இவுக சாயங்காலம் வந்தாக. கட்டில் காலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஹெட்போன் போட்டிருந்தேன்"னாக. அது ஒண்ணுதான் சொன்னாக. அதுக்குப் பிறகு இந்த வீட்டுல அந்தப் பேச்ச ரெண்டு பேருமே எடுத்ததில்ல.

கார்ல வச்சு எடுத்தேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டுக் கேட்டேன். "நெசமாவே உங்களுக்குக் கேக்கலையா? ரோடு தாண்டிக் கேட்டுச்சே."

மயங்கிட்டாகளோன்னு திரும்பிப் பாத்தேன். மயங்கல.

"கேட்டுச்சு வடிவு"ன்னாக. "ஒரு காதுலதான் ஹெட்போன் இருந்துச்சு. ஏதோ ஒரு தீவுக்காரரு லைன்ல வந்தாரு. விட்டாத் திரும்பக் கிடைக்காது. ஒரு நிமிஷம் முடிச்சிட்டு இறங்கலாம்னு இருந்துட்டேன்."

எனக்கு அந்த வண்டிக்குள்ள இருக்க முடியல. கதவத் திறந்து இறங்கிட்டேன். எங்கயாவது போயிரணும். எங்க போக? முன்னால மண்ணு, பின்னால மண்ணு. இந்தப் பக்கம் மலை ஒழுகிக்கிட்டு நிக்கு. அந்தப் பக்கம் பள்ளம், அதுக்குக் கீழ கடல். நான் பாக்க வந்த கடலு, சேறு கரைஞ்சு செம்பு நிறத்துல கிடந்துச்சு. அந்த மண்ணுக்கும் இந்த மண்ணுக்குமா நடந்தேன். மழையில நனைஞ்சுக்கிட்டு, போறதும் வாரதும். அவுக பின்சீட்டுல இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக. கூப்பிடல. கூப்பிட்டிருந்தாப் போயிருக்க மாட்டேன். குளிர் தாங்காமத்தான் நானாத் திரும்பிப் போனேன். என் பையில இருந்து எடுத்து அவுக மேல போத்தியிருந்த சேலை நழுவிக் கிடந்துச்சு. அத எடுத்து மறுபடி போத்துனேன். வேற என்ன செய்ய, சொல்லுங்க.

மைக்கு சீட்டுல கிடந்துச்சு. ரேடியோவுல இரைச்சல் மட்டும். காலையில திருகு நின்ன அதே இடத்துல எத்தனை பேரு, ஒருத்தர ஒருத்தர் முந்திக்கிட்டுப் பேசுனாக! இப்ப ஒரு குரல் இல்ல. மழைக்குப் பயந்து எல்லாரும் பெட்டிய மூடிட்டுப் போயிட்டாக போலன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு எட்வின் வந்தாரு. அவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, பாவம், சளி.

"அம்மா, ஆளுங்க கிளம்பிட்டாங்க. கீழ கிராமத்துல இருந்து மண்ணு மேல ஏறி வர்றாங்க. நீங்க தனியா இல்லம்மா. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"கேக்கிறவுகளுக்கு எல்லாம் நன்றி சொல்லிருங்க ஐயா"ன்னேன்.

இருட்டுறதுக்குள்ள வந்துட்டாக. மீன் பிடிக்கிற சனம். ஒரு வீட்டுக் கதவையே கழட்டிக் கொண்டுவந்திருந்தாக, அவுகளப் படுக்க வைக்க. மண்ணு மேல கயிறு கட்டி, கை மாத்திக் கை மாத்திக் கொண்டுபோனாக. கீழ ஒரு பொம்பள என் காலப் பிடிச்சு சுடுதண்ணியில கழுவுனா. அவ பேசுனது ஒரு வார்த்தை புரியல. எனக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு. ஆஸ்பத்திரி, ஆபரேசன், கம்பி வச்சு முடுக்குனது, மகளும் மருமகனும் பறந்து வந்தது, அதெல்லாம் பெரிய கதை. அது வேண்டாம். காருகூட இன்னும் அந்தப் பக்கம்தான் ஒரு ஷெட்டுல நிக்கு.

வீட்டுக்கு வந்ததுல இருந்து ரேடியோ ஆளுங்களா வாராக பாருங்க. ஈரோட்டுல இருந்து ஒருத்தரு வந்தாரு, மஞ்சளும் பழமும் என் கையில குடுத்துட்டு, கண்ணு கலங்க நின்னாரு. அவுக காலு நல்லாத்தான இருக்கு, எதுக்கு இப்படி அழுதாருன்னு தெரியல. இளகுன மனசு. திருச்சிக்காரரு பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்தாரு. அந்த அம்மா அவுகளப் பாக்கக்கூட உள்ள வரல, என் கையப் பிடிச்சுக்கிட்டு என்கூடவே அடுப்படியில இருந்துட்டுப் போனா. போறப்ப அந்த மனுசன் பொண்டாட்டிகிட்ட, "ரேடியோவ மாடியில இருந்து கீழ கூடத்துக்கு மாத்திட்டேன்"னு நான் கேக்கும்படியாச் சொல்லுதாரு. அத எதுக்கு என் முன்னால சொல்லணும்? உங்க ஆளுங்க எல்லாருமே மரியாதை தெரிஞ்சவுகம்மா. நான்தான் இத்தனை வருசமாத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆனா இப்ப எனக்கு வேற கஷ்டம். அவுக ரேடியோவத் தொட மாட்டேங்காக. அந்தப் பெட்டிய பத்திரமாக் கொண்டுவந்து குடுத்துட்டாக, கட்டுக்கூடப் பிரிக்கல. "உங்க ஆளுங்ககூடப் பேசுங்களேன்"னா, "அந்த ஃப்ரீக்வென்சியில இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பேசுவேன்"ங்காக. சாக்கடையில விழுந்து கால் உடைஞ்சதுக்கு இம்புட்டு வெக்கமா? வழுக்குனா யாருதான் விழ மாட்டாக!

ரேடியோ இல்லையா, நாள் பூராவும் என் பின்னாலயே வாராக. நடக்கிறதுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த கம்ப ஊனிக்கிட்டு. டொக்கு டொக்குன்னு. அடுப்படியில ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிடுதாக. இது என்ன பொடி, அது எப்ப வாங்குன, இன்னைக்கு ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு? நான் கொல்லைக்குப் போனாக்கூட, "வடிவு, எங்க இருக்க?"ன்னு சத்தம். மூச்சு முட்டுதும்மா. முன்னாடியாவது இந்த அடுப்படி எனக்குன்னு இருந்துச்சு. நீங்க படிச்சவுங்க, அவுக எந்திரிச்சு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுபடி மாடிக்கு ஏறச் சொல்லுங்க.

போன வாரம் அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தாக. திடீர்னு, "அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருப்ப வடிவு?"ன்னு கேட்டாக.

பேரு இருக்கும்மா. உண்டாகி நாலாம் மாசமே வச்சுட்டேன், ஆம்பளப் பிள்ளைதான்னு எனக்கு ஒரு நிச்சயம். வீட்டுல யாரும் இல்லாதப்ப, துணி மடிக்கிறப்ப, மெதுவாக் கூப்பிட்டுப் பாப்பேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. மகளுக்குக்கூடத் தெரியாது.

அவுககிட்டச் சொல்லல. "காம்பக் கிள்ளிட்டு நறுக்குங்க"ன்னேன். ஏன் சொல்லணும்? இத்தனை வருசம் கேக்காதவுகளுக்கு, இப்ப அவரைக்காய் நறுக்கிறப்ப கேட்டதும் தூக்கிக் குடுத்திரணுமா? அன்னைக்குத் தலையக் குனிஞ்சு நறுக்குனாக. ஒரு காய் விடாம, நார் எடுத்து, பொடிப்பொடியா. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காகச் சொல்லிர முடியுமா?

உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்க இன்னைக்கு வந்துட்டு நாளைக்குச் சேலம் போயிருவீங்க, உங்ககிட்டச் சொல்லுறதுல ஒண்ணும் இல்ல. அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க, என்ன? பால்வண்ணன். நல்லா இருக்குல்ல? பால்வண்ணன். கூப்பிட நல்ல பேரு. இருந்தா இப்ப அவனுக்குக் கல்யாணம் ஆகி...

என்னம்மா? என் பின்னால என்னத்தப் பாக்கீங்க?

ஏங்க. எப்ப எந்திரிச்சீக? கம்பில்லாம ஏன் வந்தீக, செவரப் பிடிச்சுக்கிட்டா வந்தீக? விழுந்து வைக்கிறதுக்கா? சேலத்துல இருந்து ஒரு டீச்சர் வந்திருக்காக உங்களப் பாக்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏன் அப்படி நிக்கீக?

கேக்கேன்ல, சொல்லுங்க. எம்புட்டு நேரமா நிக்கீக?